பாறசாலையில் தொடங்கும் மலைச்சாலை

நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறுகிறவர்களுக்குப் பாறசாலை ஜன்னல் வழியே கடந்துபோகிற ஊர். களியக்காவிளையில் தமிழ்நாடு முடியும். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் வரிசையாக வந்து போகும். நெரிசல் இல்லாத நாளில் களியக்காவிளையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், திருவனந்தபுரத்தின் தம்பானூர் பஸ் நிலையம் வந்துவிடும். செங்கல் மகேஸ்வரம் கோயிலில் 111 அடி உயரத்தில் எழுப்பியிருக்கும் சிவலிங்கத்தைப் பார்க்கச் சிலர் வழியில் இறங்குவார்கள். சங்கீதம் கேட்கிறவர்களுக்குப் பாறசாலை பொன்னம்மாள் நினைவுக்கு வருவார். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006இல் பாடி, அங்கே பாடிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றவர் அவர். மற்றவர்களுக்கு இது வழியில் இருக்கும் ஓர் ஊர், அவ்வளவுதான்.

கேரளப் பொதுப்பணித் துறையின் வரைபடத்தில் கதை வேறு. மலையோர நெடுஞ்சாலை என்று ஒரு பெரிய திட்டம் அங்கே பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மாநில நெடுஞ்சாலை 59 என்பது அதன் எண். காசர்கோடு மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய நந்தாரப்படவில் அது புறப்படுகிறது. கடலும் காயலும் மட்டுமே உள்ள ஆலப்புழையை விட்டுவிட்டு மற்ற 13 மாவட்டங்களின் மலையடிவாரங்களையும் தொட்டுக்கொண்டு வருகிறது. திட்டமிட்ட நீளம் 1,251 கிலோமீட்டர். அது வந்து முடிகிற இடம் பாறசாலை. குமரி மாவட்டத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது முடிகிற இடமல்ல, தொடங்குகிற இடம்.

முழுச் சாலையும் இன்னும் தயாராகவில்லை. துண்டு துண்டாக 12 மீட்டர் அகலத்துக்கு விரித்துக்கொண்டே வருகிறார்கள். பணம் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி தருகிறது. கொல்லம் மாவட்டத்தில் புனலூருக்கும் சோழியக்கோட்டுக்கும் இடையிலான 46 கிலோமீட்டர் முன்பே முடிந்துவிட்டது. கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரி – கக்காடம்பொயில் துண்டு 2025 பிப்ரவரியில் திறந்தது. தெற்கு முனையில் முதலில் கைவைத்த துண்டுகளில் ஒன்று பாறசாலையிலிருந்து குடப்பனமூடு வரையிலானது. திருவனந்தபுரம் சாலையின் இரைச்சலை விட்டு விலகி, ரப்பர் மரங்களுக்கிடையே ஏறத் தொடங்கும் அந்தச் சாலையில் கால் மணி நேரம் போனாலே காற்றின் சூடு இறங்குவது தெரியும்.

கடலிலிருந்து சிகரம் வரை 56 கிலோமீட்டர்

எல்லைப்புறத்து மக்களுக்கு ஒருநாள் பயணம் இத்தனை எளிதாக அமைவதற்குக் காரணம் நில அமைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் பக்கம் தொடங்கி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு வந்து, குமரியை நெருங்கும்போது கடலை ஒட்டி ஒடுங்குகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் இந்தத் தென்கோடியின் தலைச்சிகரம். அந்த மலையில் பிறக்கும் நெய்யாறு வெறும் 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலில் விழுந்துவிடுகிறது. ஓர் ஆற்றைக் கடலிலிருந்து அணைக்கட்டு வரை ஒரே பகலில் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிற இடங்கள் அதிகம் இல்லை.

காலையில் பூவாறிலிருந்து தொடங்கலாம். ஆறும் கடலும் சேரும் பொழிமுகத்தில் மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடக்கும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத தண்ணீர். வெயில் ஏறுவதற்குள் படகு சவாரியை முடித்துவிட்டு ஆற்றின் வழியே மேலே வந்தால் நெய்யாற்றின்கரை. அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரத்தின் அடி ஒன்றைக் காத்துவைத்திருக்கிறார்கள். அதுதான் அம்மச்சிப் பிலாவு. எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்கள் துரத்திவந்தபோது திருவிதாங்கூர் இளவரசன் மார்த்தாண்டவர்மன் இந்த மரப்பொந்துக்குள் ஒளிந்து தப்பினான் என்பது ஊர் வழக்கு. பிறகு அவன் அரசனாகி இங்கே கோயில் கட்டினான் என்கிறார்கள்.

இன்னும் சற்று மேலே அருவிப்புறம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீநாராயண குரு இதே நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைக் கரையில் சிவனாக நிறுவினார். ஈழவர் ஒருவர் சிவப் பிரதிஷ்டை செய்வதா என்று எழுந்த எதிர்ப்புக்கு நடுவே நடந்த அந்த நிகழ்ச்சி கேரளச் சமூக வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்று. ஆறு இங்கே பாறைகளுக்கிடையே சலசலத்து இறங்குகிறது. ஆன்மிகம் தேடி வருகிறவர்களும், குளிக்க மட்டும் வருகிறவர்களும் ஒரே படித்துறையில் இறங்குகிறார்கள்.

அடுத்து கள்ளிக்காடு, நெய்யாறு அணை. 1958இல் கட்டி முடித்த இந்த அணையைச் சுற்றி அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் 128 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் இங்கே சிங்க சஃபாரிதான் பெரிய ஈர்ப்பு. சிங்கங்கள் ஒவ்வொன்றாக இறந்துபோக அது ஓய்ந்துவிட்டது. இன்று வருகிறவர்கள் முதலைப் பண்ணையையும் மான் பூங்காவையும் பார்த்துவிட்டு நீர்த்தேக்கத்தில் படகு ஏறுகிறார்கள். படகு நடுவில் போய் நிற்கும்போது எதிரே அடுக்கடுக்காக நிற்கும் நீலமலைகளுக்குப் பின்னால், மேகம் விலகினால், அகத்தியர்கூடத்தின் கூம்பு தெரியும்.

இந்த அணைக்குப் பாறசாலையைத் தாண்டியும் ஒரு கதை உண்டு. இதன் இடதுகரைக் கால்வாய் தமிழ்நாட்டின் விளவங்கோடு தாலுகாவுக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக வெட்டப்பட்டது. அணை திட்டமிடப்பட்டபோது விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அணை கேரளத்தில் நின்றது. 2004 முதல் கேரளம் அந்தக் கால்வாயில் தண்ணீர் விடுவதை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விளவங்கோட்டு விவசாயி ஒருவர் குடும்பத்தோடு நெய்யாறு அணையைச் சுற்றிப் பார்க்க வரும்போது அந்த நீர்ப்பரப்பை வெறும் காட்சியாக மட்டும் பார்ப்பதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பாறசாலையின் வசதியே, விரும்பிய பக்கம் திரும்பலாம் என்பதுதான். களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டம் வழியே போனால் இன்னொரு ஒருநாள் சுற்று கிடைக்கும். அதன் முதல் நிறுத்தம் சிதறால். பாறைகளுக்கிடையே கற்பாதை ஒன்று மேலே ஏறுகிறது. உச்சியில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள். தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். பின்னாளில் பகவதி கோயிலாக மாறிய அந்தக் குகைக்குப் பின்னால், தென்னையும் ரப்பருமாகப் பச்சை விரிந்து கிடக்கிறது. காலை 9 மணிக்குள் ஏறிவிட்டால் பாறைச்சூடு தெரியாது.

அங்கிருந்து அருமனை வழியாகத் திற்பரப்பு. கோதையாறு 50 அடி உயரத்திலிருந்து அகலமாக விழும் இந்த அருவியில் குற்றாலத்தைப் போல நேராகத் தலையில் அடி வாங்கலாம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கரையிலேயே மகாதேவர் கோயில். குளித்து எழுந்தவர்களின் பசிக்குச் சுற்றியுள்ள கடைகளில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும், சுடச்சுட ஏத்தன்காய் சிப்ஸும், கொடியில் தொங்கும் மட்டிப்பழக் குலைகளும். விரல் நீளமே உள்ள இந்த மட்டிப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குமரி மலைகளில் விளையும் கிராம்புக்கு அதற்கு முன்பே அந்தக் குறியீடு கிடைத்துவிட்டது.

குலசேகரத்துக்கு மேலே பேச்சிப்பாறை அணை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் முடித்தது. கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சின் இந்த மண்ணிலேயே இறந்து, அணைக்கு அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தந்த அந்த வெள்ளைக்காரரின் கல்லறையை ஊர்க்காரர்கள் இன்றும் மரியாதையோடு காட்டுவார்கள்.

இந்தச் சுற்றில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு 1966இல் முடிந்த இந்தப் பாலத்தின் மேல் வண்டி ஓடுவதில்லை, தண்ணீர் ஓடுகிறது. பறளியாறு இரண்டு குன்றுகளுக்கிடையே ஆழமாகப் போகிறது. ஒரு குன்றின் கால்வாய் நீரை மறு குன்றுக்கு அதே மட்டத்தில் கொண்டுசெல்ல 28 தூண்களை நிறுத்தி, 115 அடி உயரத்தில் கான்கிரீட் தொட்டி ஒன்றை நீளமாக இழுத்திருக்கிறார்கள். தொட்டியின் சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அதன் மேலே பாதி அகலத்துக்குப் பலகைபோல் மூடிய நடைபாதை. நடக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஆறும் தென்னந்தலைகளும் காலடியில் தெரியும். மறுபக்கம் திறந்த இடைவெளியில் கால்வாய் நீர் சத்தமில்லாமல் கூடவே வரும். எதிரே ஒரு குடும்பம் வந்தால் ஒருக்களித்து நின்றுதான் வழிவிட வேண்டும். துணிச்சல்காரர்களாகத் தொடங்கியவர்கள் பாதிப் பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடிப்பதைக் காணலாம். கரையிலிருந்து படி இறங்கித் தூண்களின் அடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் உயரம் உறைக்கும்.

மாலையில் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை ஆட்சி இங்கிருந்துதான். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து இழைத்ததாகச் சொல்லும் கரிய தரை இன்றும் கண்ணாடிபோல் முகம் காட்டுகிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து வந்து கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

வடக்கே போனால்

மலையோரச் சாலையிலேயே வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு முதலில் வெள்ளறடை. இங்கே எல்லைக்கோடே மலைமுகட்டின் மேல் போகிறது. அடுத்தடுத்து நிற்கும் குன்றுகளில் ஒன்று காளிமலை, மற்றொன்று குருசுமலை. சித்ரா பௌர்ணமிக்குப் பொங்கல் வைக்கப் பெண்கள் ஒன்றில் ஏறுகிறார்கள்; தவக்காலத்தில் சிலுவை தூக்கிக்கொண்டு கிறிஸ்தவர்கள் மற்றொன்றில் ஏறுகிறார்கள். இரண்டுக்கும் இரு மாநிலத்து மக்களும் வருகிறார்கள்.

அம்பூரி, ஆரியநாடு தாண்டினால் விதுரா. அங்கிருந்து கல்லாறு வழியே பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். 1,100 மீட்டர் உயரம் என்பது ஊட்டியோடு ஒப்பிட்டால் பாதிதான். ஆனால் கடற்கரை நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்குள் புல்வெளியும் பனிமூட்டமும் கிடைப்பது இதன் தனிச்சிறப்பு. வளைவுகளின் தொடக்கத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். கனமழை என்றால் ஏறவே விடமாட்டார்கள். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களுக்கும் விதுராதான் வாசல். போணக்காட்டிலிருந்து தொடங்கும் அந்த நடை 3 நாள் சமாச்சாரம். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும், வனத்துறையிடம் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பெண்களுக்கு இருந்த தடையை 2018இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் சிகரம் ஏறினார்.

பாலோட்டில் 1979இல் நிறுவிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. ஏறத்தாழ 300 ஏக்கரில் மூங்கில்களும் ஆர்க்கிட்களும் வளரும் இந்த வளாகத்துக்கு உலகப் புகழ் தேடித்தந்தது ஒரு சிறு செடி. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவர்கள் மென்றுகொண்டிருந்த பழம் ஆரோக்கியப் பச்சை என்ற செடியினுடையது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. வருமானத்தில் ஒரு பங்கு காணி மக்களின் அறக்கட்டளைக்குப் போனது. பழங்குடி அறிவுக்கு விலை கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலக அளவில் இது பேசப்பட்டது.

மடத்தறை, குளத்துப்புழை தாண்டினால் தென்மலை. அங்கே கிழக்கே திரும்பினால் 1904இல் ரயில் வந்தபோது கட்டிய 13 கண் பாலம், 300 அடி பாலருவி, ஆரியங்காவு கணவாய். கணவாயின் மறுபக்கம் செங்கோட்டை, குற்றாலம். பாறசாலையிலிருந்து இதை ஒரே நாளில் முடிக்க விடியுமுன் புறப்பட வேண்டும். திரும்ப நள்ளிரவு ஆகலாம். பெரும்பாலான வேன் ஓட்டுநர்கள் இந்த இடத்தில்தான் “ஒரு ராத்திரி தங்கிடலாமே” என்பார்கள்.

வீடே வண்டியானால்

தங்குவது என்றதும் எழுகிற கேள்வி, வண்டியிலேயே தங்கினால் என்ன என்பது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் குமரி, நெய்யாற்றின்கரைப் பெற்றோர்கள் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்: படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பஸ் போன்ற ஒரு வண்டி, பின்னணியில் ராக்கி மலை. ஆர்.வி. என்று அங்கே சொல்கிறார்கள். 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோனுக்கும், 1933இல் திறந்த மலைச்சாலை ஓடும் மொன்டானாவின் கிளேசியர் பூங்காவுக்கும் கோடை விடுமுறையில் குடும்பங்கள் இப்படிப் போவது சகஜம். வண்டியை நிறுத்தும் முகாம்களில் மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீரை வெளியேற்றும் குழி எல்லாம் இருக்கும். மேற்கு மாநிலங்களில் நிலத்தில் ஏறத்தாழ பாதி மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் பல இடங்களில் ஒரே இடத்தில் 14 நாள் வரை கட்டணமில்லாமல் முகாமிடலாம். அங்கும் எல்லா மலைச்சாலையும் எல்லா வண்டிக்கும் திறந்ததல்ல. கிளேசியர் சாலையின் குறுகலான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத் தடை வைத்து ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள்.

அந்தப் பயணமுறை அங்கே வளர்ந்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை, இடமும் காரணம். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி இருக்கும் வயோமிங் மாநிலத்துக்குள் கன்னியாகுமரி மாவட்டம் போல் 150 மாவட்டங்களை வைக்கலாம். ஆனால் 2020 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை 5.77 லட்சம், குமரி மாவட்டத்தில் 2011லேயே 18.7 லட்சம். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நூறு கிலோமீட்டர் வெறும் வெளியாக இருக்கும் நாட்டில் அடுப்பையும் கட்டிலையும் கூடவே கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாயாக்கடையாவது வரும்.

இருந்தும் கேரளம் முயன்று பார்த்தது. 2021 செப்டம்பரில் சுற்றுலாத் துறை ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்தது. இருவர் தங்கும் வண்டி, நால்வர் குடும்பம் தங்கும் வண்டி என இரண்டு வகை. கட்டிலாக விரியும் சோபா, குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, சாப்பாட்டு மேசை, கழிப்பறை, ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் இடையே தடுப்பு ஆகியவை கட்டாயம். முதல் 100 வண்டிகளுக்கு 7.5 லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இதில் எது குறைவோ அது மானியம். அடுத்தடுத்த நூறுகளுக்குப் படிப்படியாகக் குறையும். வண்டி நிறுத்த கேரவன் பூங்கா வேண்டும். அதற்குக் குறைந்தது 50 சென்ட் நிலம், 5 வண்டிகளுக்கான இடம். 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் பூங்கா திறந்தது.

எதிர்பார்த்த ஓட்டம் வரவில்லை. ஆசைப்பட்டவர்கள் சொந்த வேனையே வீடாக மாற்றிக்கொள்ள நினைத்தாலும் சட்டம் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரவனுக்கென்று தனித் தரநிலை உண்டு. அதன்படி கட்டி, ஆர்.டி.ஓ.விடம் கேரவனாகவே பதிவு செய்ய வேண்டும். காட்டோரத்தில் எங்காவது நிறுத்தித் தூங்கவும் முடியாது. சாலையை விட்டு இறங்கினால் ஒன்று தனியார் தோட்டம், இல்லையென்றால் வனத்துறை நிலம். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் இரவில் நிற்கவே விடமாட்டார்கள்.

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து ஒரு யோசனை வந்தது. 2020 நவம்பரில் மூணாறு பஸ் டிப்போவில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய ஏ.சி. பஸ்ஸை நிறுத்தி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ரயில் பெட்டியைப் போல மேலும் கீழுமாக 16 படுக்கைகள் போட்டது. ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, செல்போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக். தொடக்கத்தில் ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு 100 ரூபாய். கழிப்பறை டிப்போவில், வண்டி நகராது. மூணாறின் குளிரில் ஹோட்டல் அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாத இளைஞர்கள் அதை நிரப்பினார்கள். ஓட்டம் முடிந்த பஸ்களுக்கு இது இரண்டாவது வாழ்வு.

அடுத்த ஆண்டே கழகம் பட்ஜெட் டூரிசம் என்ற பிரிவைத் தொடங்கியது. ஒவ்வொரு டிப்போவும் தன் ஊர்க்காரர்களுக்காக டூர் போடும்: கவி, மூணாறு, வாகமண், பொன்முடி. நெய்யாற்றின்கரை டிப்போ இதில் சுறுசுறுப்பாக இயங்குகிற ஒன்று. தெரிந்த ஓட்டுநர், நம்பிக்கையான நேரம், பெண்கள் தனியாக வந்தாலும் பயமில்லாத பஸ். ஆனவண்டி என்று செல்லமாக அழைக்கும் அந்தச் சிவப்பு பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஏறும் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் நிறைய. பின்சீட்டில் ஒருவர் பாடத் தொடங்கினால் அம்பூரி வரும் வரை ஓயாது.

சொந்தமாகப் போகிறவர்கள் டெம்போ டிராவலர் பிடிக்கிறார்கள். இங்கே உலகமே அதற்குள் அடங்கிவிடும்: முன்சீட்டில் பாட்டி, நடுவில் பெரியவர்கள், பின்னால் பிள்ளைகள், கால் வைக்குமிடத்தில் தண்ணீர் கேன். பொதிச்சோறு கட்டுவது முதல் நாள் இரவே தொடங்கும். வாட்டிய வாழையிலையில் சோறு, மேலே தேங்காய்ச் சம்மந்தி, மிளகாய் தடவிப் பொரித்த மீன், முட்டை ஆம்லெட், ஒரு பொரியல். மதியம் பிரிக்கும்போது இலையின் மணம் சோற்றில் ஏறியிருக்கும். பொன்முடி ஏறும்போது திறந்தால் குளிரில் மீன் வாசனைக்கு வண்டியே விழித்துக்கொள்ளும்.

மழைக்காலக் கணக்கு

இந்த மலைகளை ஜூன் தொடக்கம் முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழைகளும் நனைக்கின்றன. ரப்பர் மரங்களின் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பதைப் பார்த்தால் மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று பொருள். பால் சிரட்டைக்குள் மழைநீர் விழாமலிருக்க அந்த ஏற்பாடு. அருவிகள் அழகாக இருப்பதும் அப்போதுதான், மலைச்சரிவுகள் சறுக்குவதும் அப்போதுதான். 2001 நவம்பர் 9 அன்று இரவு அம்பூரியில் மண் சரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மலையோர நெடுஞ்சாலை இன்று அந்த ஊர் வழியாகவே போகிறது. அகலச் சாலைக்காகக் குன்றை வெட்டும்போது வெட்டுமுகத்தில் தடுப்புச்சுவரும் நீர் வடியும் வழியும் சரியாக இருக்கின்றனவா என்பது இங்கே அழகுணர்ச்சி சார்ந்த கேள்வி அல்ல.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பழைய ஓட்டுநர்கள் சொல்வது ஒன்றுதான்: ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி 22 வளைவுகள் இறங்கினால் பாதியிலேயே சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், மாலை 5 மணிக்கு முன் காட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். திற்பரப்பிலும் கல்லாறிலும் மேலே மழை பெய்தால் கீழே வெயில் இருக்கும்போதே வெள்ளம் வரும். காவலர் விசில் அடித்தால் பேச்சில்லாமல் கரையேற வேண்டியதுதான். வாடகை வண்டியில் எல்லை தாண்டுகிறவர்கள் பர்மிட்டும் வரியும் சரியாக உள்ளதா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. மார்த்தாண்டத்தில் ஏற்றி நெய்யாறில் இறக்குவதும் சட்டப்படி மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணம்தான்.

கேரவன் பூங்காவுக்குக் கேட்கும் 50 சென்ட் நிலம் வெள்ளறடை, அம்பூரிப் பக்கம் ரப்பர் போட்ட குடும்பங்கள் பலவற்றிடம் இருக்கிறது. ரப்பர் விலை இறங்கும் ஆண்டுகளில் மரத்தை வெட்டிவிட்டு வேறென்ன செய்யலாம் என்ற பேச்சும் அங்கே எழும். ஐந்து வண்டி நிற்கச் சமதளம், கிணற்று நீர், மின்சாரம், கழிவுத் தொட்டி, பக்கத்தில் மரச்சீனியும் மீனும் சமைத்துத் தர ஒரு வீடு என்று அமைந்தால், நந்தாரப்படவிலிருந்து மலையோரமாகவே இறங்கி வரும் வண்டிக்கு இது கடைசி நிறுத்தமாகலாம். அதற்கு முதலில் சாலை முழுதாக முடிய வேண்டும். பெரிய வண்டி திரும்பும் அளவுக்கு வளைவுகள் விரிய வேண்டும். அதுவரை பாறசாலையில் செல்லுபடியாவது, வேன் வாடகையைப் பதினேழு பேர் பங்கிட்டுக்கொள்ளும் கணக்குத்தான்.